வழி முதலில், காலணி பிறகு

அதிகாலையில் ஓட்டப் பயிற்சியில் ஈடுபடும் இளைஞர்களை இன்று எல்லா ஊர்களிலும் காண்கிறோம். தார்ச்சாலையை விட்டு விலகி, மண்பாதைகளிலும் மலையடிவாரங்களிலும் ஓடும் பழக்கமும் பரவி வருகின்றது. மேனாட்டார் இதனை ‘ட்ரெயில் ரன்னிங்’ என்பர். மண்வழி ஓட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பனியன் கம்பெனியிலோ நூற்பாலையிலோ நாள் முழுதும் இயந்திரத்தின் முன் நிற்கும் பிள்ளைகளுக்கு, திறந்த வெளியில் ஒரு மணி நேரம் ஓடுவது உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்மை பயப்பதே.

ஆனால் இப்பழக்கம் பெரும்பாலும் எப்படித் தொடங்குகின்றது? சம்பளப் பணம் கைக்கு வந்ததும் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துக் காலணி வாங்கப்படுகின்றது. வீட்டில் கிடக்கும் ஏதேனும் ஒரு காலுறை அதனுள் நுழைக்கப்படுகின்றது. எங்கே ஓடுவது என்ற எண்ணம் கடைசியில்தான் வருகின்றது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றவேண்டும் என்பதே இம்மாதம் நாம் சொல்ல விரும்புவது. வழியை முதலில் தேர்ந்துகொள்ளவேண்டும், பிறகு காலுறை, அதன் பிறகே காலணி.

காலணியைப் பற்றிப் பேசுவோர் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலாவைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. 1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் அவர் வெறுங்காலுடன் மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார். தமக்குப் பொருந்தும் காலணி அமையாமையால், பயிற்சியில் பழகிய வெறுங்காலையே அவர் நம்பினார். அவரே 1964-இல் டோக்கியோவில் காலணியும் காலுறையும் அணிந்து ஓடி மீண்டும் தங்கம் பெற்றார். அமெரிக்காவின் ராக்கி மலைப்பகுதியில் நடைபெறும் லெட்வில் 100 மைல் ஓட்டத்தில், 1993-ஆம் ஆண்டு முதலாவதாக வந்தவர் மெக்சிகோவின் ராராமுரி பழங்குடியைச் சேர்ந்த விக்டோரியானோ சூரோ என்ற 55 வயதினர். அவர் அணிந்திருந்தது பழைய டயரை வெட்டிச் செய்த செருப்பு. நம் பாட்டனார் காலத்து டயர்ச் செருப்புக்கு அது தூரத்துச் சொந்தம். காலுக்குப் பழகியதும் வழிக்குப் பொருந்தியதுமே நல்ல காலணி என்பது இவர்களால் விளங்குகின்றது.

உடுமலைப்பேட்டையைச் சுற்றி நமக்குள்ள வழிகள் எவை? முதலாவது, நம் இட்டேரிகள். இருபுறமும் கிளுவை வேலி அமைந்த இந்தத் தோட்டத்துப் பாதைகளைவிடத் தொடக்கக்காரருக்கு ஏற்ற ஓட்டப்பாதை வேறில்லை. செம்மண் தரை காலுக்கு இதமானது. வண்டித்தடம் பதிந்த பாதையாதலால் வழி தவறாது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் தோட்டத்துச் சாளை இருக்கும். ஆயினும் வேலியோரம் கண்ணாடி விரியன் வாழுமிடம் என்பதை மறத்தலாகாது. அந்தி மயங்கிய பின்னரும், விடியுமுன்னரும் அங்கே ஓடுதல் கூடாது. பாம்பு தீண்டிவிட்டால் இறுகக் கட்டுவதும் கீறுவதும் தவறு. கடிபட்ட காலை அசைக்காமல், 108 வண்டியை அழைத்தேனும் வேறு வாகனத்திலேனும், நேரே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அங்கே விஷமுறிவு மருந்து உண்டு.

இரண்டாவது, பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தின் வாய்க்கால் கரைகள். மேடுபள்ளம் குறைந்து, நெடுந்தூரம் ஓடுவதற்கு வசதியாக இவை அமைந்துள்ளன. இப்பாசனத்தின் ஆயக்கட்டு 4 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்து நீர் விடப்படுவதால், ஒரே கிளை வாய்க்கால் சில மாதம் வறண்டும், சில மாதம் நிரம்பியும் காணப்படும். நீர் ஓடும் காலத்தில் கரையின் உள்விளிம்பை விட்டு விலகியே ஓடவேண்டும். கான்கிரீட் பூசிய சரிவில் பாசி படிந்திருக்கும். நீரின் இழுப்பும் மிகுதி. நீந்தத் தெரிந்தவர்கூட விழுந்தால் பிடித்து ஏற ஒரு பிடிப்பு கிடைப்பது அரிது. முகம் கழுவவும் அதில் இறங்கலாகாது.

மூன்றாவது, கரிசல் காட்டு வழிகள். கோடையில் இவை கல்லைப்போல் இறுகி வெடித்திருக்கும். வெடிப்பில் கால் சிக்கினால் கணுக்கால் பிசகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மண் காலணியின் அடியில் அப்பிக்கொண்டு, ஒவ்வொரு காலிலும் ஒரு செங்கல்லைக் கட்டியதுபோல் ஆக்கிவிடும். மழை பெய்த மறுநாள் கரிசலைத் தவிர்த்துச் செம்மண் பாதைக்குப் போவதே விவேகம்.

காற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். ஆனி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசும். நம் பகுதியெங்கும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அம்மாதங்களில் போகும்போது மேற்கு நோக்கி எதிர்காற்றில் ஓடி, களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் படுமாறு வழியை அமைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும்.

நான்காவது வழியைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. தெற்கே திருமூர்த்தி மலையும் அமராவதி அணையும் இளைஞரைக் கவர்ந்திழுக்கின்றன. அம்மலைகள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. அனுமதியின்றி உள்ளே செல்வது 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், கோடையில் அமராவதி நீர்த்தேக்கத்தை நாடி யானைக் கூட்டங்கள் வரும் வழியில் ஒருவன் ஓடிச் செல்வது அறிவுடைமை ஆகாது. பஞ்சலிங்க அருவிப் பக்கமோ, அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கையில் மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்குவதுண்டு.

தேனி மாவட்டம் குரங்கணியில் நேர்ந்ததை நம் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலும் இளவயதினர்; நல்ல உடல்வலிமை உள்ளவர்கள். அவர்கள் காலில் எவ்வளவு சிறந்த காலணி இருந்திருப்பினும், காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ ஏறும் வேகத்தை அது வென்றிருக்காது. வழியை முதலில் வைக்கவேண்டும் என்று நாம் சொல்வதன் காரணம் இதுவே.

காட்டைக் காணும் ஆசை தவறன்று. அதற்கு ஒழுங்கான வாயிலும் உண்டு. தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கி, 40 மலைவழிகளை அறிவித்தது. அவற்றுள் நம் மாவட்டத்துச் சின்னார் சோதனைச்சாவடி–கூட்டாறு வழியும் ஒன்று. முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் நடந்து செல்லவேண்டும். தீப்பருவத்தில் இவை மூடப்படும். குருமலை, குழிப்பட்டி போன்ற மலைக் குடியிருப்புகளில் வாழும் நம் சகோதரர்கள் நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து அடிவாரம் சேர்த்த செய்திகளைப் படித்திருக்கிறோம். நாம் பொழுதுபோக்காகக் கருதும் மலைவழி அவர்களுக்கு மருத்துவமனைக்குச் செல்லும் வழி. அங்கே செல்வோர் அந்த மரியாதையுடன் நடப்பது நலம்.

வழி முடிவானபின் காலுறை. பின்னலாடைக்குப் பேர்போன மாவட்டத்தில் வாழும் நமக்கு இதனை விளக்குவது எளிது. பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடலுக்குக் குளிர்ச்சி தருகிறது. ஆனால் காலணிக்குள் காற்றில்லை. உறிஞ்சிய ஈரம் அங்கேயே தங்கிவிடுகிறது. ஈரத்தில் ஊறிய தோல், உராய்வு, சூடு இம்மூன்றும் கூடினால் கொப்புளம் உண்டாகின்றது. 1990-இல் அமெரிக்காவில் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பருத்திக் காலுறையைவிட அக்ரிலிக் இழைக் காலுறை அணிந்தபோது கொப்புளங்கள் குறைந்தன. அதே ஆய்வாளர்கள் 1993-இல் மெத்தென்ற பின்னல் இல்லாத சாதாரணக் காலுறைகளை ஒப்பிட்டபோது, அந்த வேறுபாடு காணப்படவில்லை. எனவே இழையோடு பின்னலும் முக்கியம். நைலான், பாலியெஸ்டர் கலந்து, குதிகாலிலும் முன்பாதத்திலும் அடர்த்தியாகப் பின்னிய காலுறை ஏற்றது.

வாங்கும்போது காலுறையைப் புறம் திருப்பி, விரல்நுனித் தையலை விரலால் தடவிப் பாருங்கள். அது தடித்திருந்தால் 5 கிலோமீட்டரில் விரலை அறுத்துவிடும். கணுக்காலுக்கு மேலே ஏறும் உயரம் வேண்டும்; குட்டைக் காலுறையில் நம் இட்டேரியின் ஒட்டுப்புல்லும் ஊசிப்புல்லும் புகுந்து, ஓட்டத்தைக் கெடுத்துவிடும். 2 ஜோடி இருந்தால் ஒன்று துவைத்து உலர, மற்றொன்று பயன்படும். ஓடும்போது காலில் ஓரிடம் சுடுவதுபோல் உணர்ந்தால் அக்கணமே நின்று, காலுறையைச் சரிசெய்து, ஒட்டுப்பட்டை போடவேண்டும். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் மக்களும் இவ்வளவையும் கைக்கொள்ளலாம்.

இனிக் காலணி. உலர்ந்த செம்மண் பாதைக்கும் வாய்க்கால் கரைக்கும் சாதாரண ஓட்டக் காலணியே போதும். சரளைக் கல்லும் சரிவும் சேறும் உள்ள வழிக்குத்தான் அடிப்பாகத்தில் ஆழமான பற்கள் உள்ள மண்வழிக் காலணி தேவைப்படும். அப்பற்கள் தார்ச்சாலையில் விரைவில் தேய்ந்துவிடுமாதலால், வீட்டிலிருந்து பாதை வரையுள்ள தூரத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நம் பகுதிக்குச் சிறப்பாகக் கவனிக்கத் தக்கது முள். சீமைக்கருவேல முள் மென்மையான பஞ்சு அடிப்பாகத்தை எளிதில் துளைத்துவிடும். கட்டை விரலால் அழுத்தினால் அமுங்காத உறுதியான ரப்பர் அடி வேண்டும். ஓடி முடித்தபின் அடிப்பாகத்தைப் பார்த்து முள்ளை எடுத்துவிடவேண்டும்.

மாலையில் கடைக்குச் செல்லுங்கள். நாள் முழுதும் நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் கால் அவ்வாறே வீங்கும். ஓடும்போது அணியும் அதே காலுறையைக் கொண்டு செல்லுங்கள். நின்றுகொண்டு, நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிடில் இறக்கத்தில் விரல்கள் முட்டி நகம் கறுத்துப்போகும். குதிகால் எழும்பாமல் இருக்கவேண்டும். விரல்கள் அசைய அகலம் வேண்டும். மழைநீர் புகாத காலணி என்ற விளம்பரம் நமக்கு வேண்டுவதில்லை. மேலிருந்து புகும் நீர் அதில் வெளியேறாது. வலைத்துணியோ விரைவில் உலரும். இவை பொருந்தினால் விலை குறைந்ததே போதும்.

நடுத்தர வயதில் ஓடவோ நடக்கவோ தொடங்கும் பெற்றோருக்கு ஒரு சொல். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஓட்டத்தைத் தொடங்கக்கூடாது. வெறுங்காலுடன் நடப்பதும் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் முள் தைத்தது தெரியாமலே புண் வளர்ந்துவிடும். நாள்தோறும் இரவில் உள்ளங்காலைப் பார்ப்பது வழக்கமாகட்டும். வாசலில் வைத்த காலணியைத் தட்டி உதறி அணிவதும் எல்லாருக்கும் நல்லது. தேள் தங்குமிடம் அது.

கடைசியாக ஒன்று. மகன் ஓடுகிறேன் என்றால் காலணிக்குப் பணம் தரும் குடும்பங்களில், மகள் அதையே கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். பெண்பிள்ளை தனியே எங்கே ஓடுவாள் என்ற அச்சம் பொருளற்றதன்று. ஆனால் அந்த அச்சத்துக்கு விடை வழியில் இருக்கிறது. ஆள் நடமாட்டமுள்ள ஒரு தோட்டப் பாதையைப் பெற்றோரே ஒருமுறை உடன் நடந்து பார்த்து, துணைக்கு ஒரு தோழியைச் சேர்த்து, புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிச் செல்லும் ஒழுங்கை மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாக விதித்தால், இருவரும் ஓடலாம்.

ஆகவே காலணிக்குப் பணம் எடுத்து வைக்குமுன், வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர்கள் ஓட விரும்பும் பாதையைக் குடும்பத்துடன் நடந்து பாருங்கள். அங்கே மண் எப்படி, முள் எப்படி, ஆபத்துக்குக் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்பதை அறிந்து வந்தபின், எந்தக் காலணி வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லவேண்டிய தேவையே இராது.