பழஞ்சோறும் பறிபோன பெயரும்

பழஞ்சோறு என்று சொல்ல நாணிப் ‘பழைய சாதம்’ என்கின்றனர் நகர்வாழ் தமிழர். அதன்மேல் தெளிந்து நிற்கும் நீரை ‘நீராகாரம்’ என்கின்றனர். சோறு இருக்கச் சாதம் எதற்கு? உணவும் உண்டியும் இருக்க ஆகாரம் எதற்கு? வட்டிலில் உள்ளது மாறவில்லை, பெயர்தான் மாறிற்று. பெயர் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று வினவுவாரும் உளர். அன்னார் அவ்வுணவின் பழமையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று.

பழஞ்சோறு என்னும் சொல் கழகக் காலத்தது. ஐயூர் முடவனார் பாடிய 399ஆம் புறப்பாட்டு, காவிரி நாட்டு வளங் கூறுமிடத்துப் பழஞ்சோறு உண்பாரைக் காட்டுகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையிலோ உழைப்பாளர்தம் சிறுவர் பழஞ்சோற்றை வெறுத்து, குடில் முற்றத்தில் அவல் இடிக்கின்றனர். காலையில் பழையதைக் கண்டு முகஞ்சுளிக்கும் பிள்ளைகளைக் கடியும் தாய்மார் இதனை அறிந்தால் சற்றே சினம் தணிவர்!

வடித்த புழுங்கலரிசிச் சோற்றை ஆறவிட்டு, மண்கலத்திலிட்டு, மூழ்க நீர் வார்த்து இரவு முழுதும் வைப்பர். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் மாவுப்பொருளைச் சிதைத்து, தயிரில் உள்ள அதே புளிமத்தை ஆக்குகின்றன. முன்னாள் நீரில் ஒரு கை எஞ்சவிட்டால் அதுவே உறையாகும். கோடையில் விரைந்து புளிக்கும். மாரியில் மெல்லப் புளிக்கும். இவ்வளவையும் கலத்தின் சூட்டையும் நீரின் மணத்தையும் கொண்டே அறிந்தனர் எழுத்தறியாப் பாட்டியர். உப்பும் மோரும் இட்டுப் பிசைந்து, சிறுவெங்காயம் கடித்து, முன்னாட் குழம்பைச் சுண்டவைத்துத் தொட்டுக்கொண்டு உண்டவன் உச்சிவெயிலில் ஏர் பிடித்தான். நடவு வயலுக்குச் சென்றதும் இந்தக் கலயமே.

பச்சைமிளகாய் இதன் பழந்துணையன்று. அமெரிக்க நாடுகளில் தோன்றிய அது 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகேயர் வழி இந்நிலத்திற்கு வந்தது. வந்த பொருளுக்குத் தமிழன் அயற்பெயர் தேடி அலையவில்லை. மிளகுபோற் காரமுடைய காய் ஆதலின் மிளகாய் என்றான், அவ்வளவே. தன் பொருளின் பெயரைப் பிறர்க்கும் ஈந்தான். கோவாவில் 1563இல் நூல் வெளியிட்ட போர்த்துகேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, நோயாளிக்குக் கொடுக்கும் அரிசிநீரைக் கஞ்சி என்றே குறித்தார். ஆங்கிலத்திலும் அச்சொல் குடிபுகுந்தது. கடல்கடந்து வந்த காய்க்குத் தமிழ்ப் பெயர் வைத்தவன் மரபினர், தம் அடுக்களைக் கலத்துச் சோற்றுக்கு அயற்பெயர் இடுகின்றனர். இஃது என்ன கொடுமை!

நாணத்திற்குக் காரணம் ஏழைமை பற்றிய அச்சமே. விருந்தினர் வந்தால் பழஞ்சோற்றுக் கலத்தை மறைத்த வீடுகள் பல. அழுத்தக் கலத்தில் குழைய வேகும் சோறும், மிச்சத்தை உறையவைக்கும் குளிர்ப்பெட்டியும் எஞ்சிய வழக்கத்தையும் குறைத்தன. ஒடியர் தம் பகாளம் என்னும் நீர்ச்சோற்றுக்கு மார்ச்சு 20ஆம் நாளை ஒதுக்கிக் கொண்டாடுகின்றனர். வங்காளியர் பாந்தா பாத்து என்பதைப் புத்தாண்டில் பெருமையுடன் பரிமாறுகின்றனர். இருவரும் தம் மொழிப்பெயரை விட்டாரல்லர்.

சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரி, குடல்நோய்க்குப் பழஞ்சோறு பயன்படுமா என ஆராயும் திட்டத்தை மேற்கொண்டமை 2021இல் செய்தியாயிற்று. ஆய்வு நடக்கட்டும், நன்றே. ஆயின் மருத்துவர் வாயாற் கேட்டபின்னரே மதிப்புக் கொடுப்பது என்ன மதிப்பு? இப்போது உணவகத்தார் மண்சட்டியில் இதனை நல்ல விலைக்கு விற்கின்றனர். பலகையில் ‘பழைய சாதம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘புரோபயாடிக்’ என்றும் சேர்க்கின்றனர். பலகையைப் படிக்காமல் உள்ளே நுழையும் மூட்டை தூக்குவோர் “பழையது இருக்குதா?” என்று கேட்கின்றனர். அவர்க்கும் அதே சட்டிதான் வருகின்றது.