வாயிலைத் திறக்கப் பெட்டகச் சாவி எதற்கு?

வீட்டிலே கணினி ஒன்று. அதனைக் கையாள்வோர் நால்வர். லினக்ஸ் முறைமையில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டு. சகல அதிகாரமும் படைத்த கணக்கோ ஒன்றே. அதன் பெயர் 'றூட்'. கணினியை வெளியுலகோடு பிணைக்கும் வாயிலாகிய வலையமைப்பு இடைமுகத்தைத் திறக்கவும் அடைக்கவும் அந்த றூட்டுக்கே உரிமை என்பது பழைய விதி.

இவ்விதி வீணே எழுந்ததன்று. பலர் ஒரே பொறியைப் பகிர்ந்த காலத்திலே, ஒருவர் விளையாட்டாக வாயிலை அடைத்தாலும் ஏனையோரின் வேலை நின்றுவிடும். முகவரியை மாற்றி இன்னொரு கணினிபோல் வேடமிடவும் கூடும்.

ஆனால், மடிக்கணினியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கும் நூலகத்துக்குமாக அலையும் மாணவி, வைஃபை இணைப்பை மாற்றுந்தோறும் தந்தையாரை எதிர்பார்த்திருப்பது எங்ஙனம்? தொல்லை ஒழியட்டும் என்று றூட்டின் கடவுச்சொல்லையே கொடுத்துவிடுவோர் உளர். வாயிற்கதவைத் திறக்கக் கேட்டவளுக்குப் பெட்டகச் சாவியையும் கொடுத்த கதைதான் இது. பிழையான கட்டளை ஒன்றே வீட்டார் அனைவரின் கோப்புகளையும் அழித்துவிடும்.

யூனிக்ஸை ஆக்கியோருள் ஒருவரான டெனிஸ் ரிச்சி இதற்கொரு வழி கண்டார். ஒரு நிரலுக்குச் 'செற்-யூஐடி' என்னும் குறியை இட்டால், அதனை யார் இயக்கினும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு இயங்கும். இதற்கு 1979 இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் றெட் ஹற் லினக்ஸிலே 'யூசர்நெற்சிரிஎல்' என்னும் சிறு நிரல் இம்முறையிலேயே அமைந்தது. நிருவாகி முன்கூட்டி இசைவு எழுதிவைத்த இடைமுகத்தை மட்டும் சாதாரண பயனர் ஏற்றி இறக்கலாம். 1980 அளவில் அமெரிக்காவின் பஃபலோவிலுள்ள நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்திலே பிறந்த 'சூடு' என்னும் நிரலும் குறித்த சில கட்டளைகளுக்கு மாத்திரம் இசைவு அளிக்கவல்லது. (அளவின்றி வழங்கினால் பெயருக்கேற்பச் சுடும்!)

இன்று அநேக வீட்டுக் கணினிகளில் இப்பணியைச் செய்வது, 2004 இல் தொடங்கப்பெற்ற 'நெற்வேர்க் மனேஜர்'. அது றூட்டின் அதிகாரத்தோடு பின்னணியிலே காத்திருக்கும். பயனரின் வேண்டுகோளை 'பொல்கிற்' என்னும் நடுவர்முன் வைக்கும். கேட்பவர் கணினியின் முன் அமர்ந்திருப்பவரா, தொலைவிலிருந்து புகுந்தவரா என்று நோக்கியே நடுவர் தீர்ப்பளிப்பார். என் கருத்தில் இதுவே வீடுகளுக்கு ஏற்ற வழி.

எனினும் நடுவரும் பிழைபட்டதுண்டு. பொல்கிற்றோடு வரும் 'பிகே-எக்ஸெக்' என்னும் செற்-யூஐடி நிரலிலே 2009 முதல் மறைந்திருந்த ஓட்டையொன்று 2022 ஜனவரியில் வெளிப்பட்டது. அதன் வழியே எந்தச் சாதாரண பயனரும் றூட்டாக மாறிவிடலாம்! திருத்தம் உடனே வெளியாயிற்று. பழைய கணினி வைத்திருப்போர், அத்திருத்தம் தம் பொறியில் ஏறியுள்ளதா என்று இன்றே பார்த்துக்கொள்வாராக.