உப்புத்தண்ணித் தொட்டியும் ஒரு வயல்தான்

வீட்டிலேயே கண்ணாடி ஒட்டி, கடல் மீன் வளர்க்கிற தொட்டி செய்யணும்னு ஆசைப்படுற நகரத்து நண்பர்கள் இப்போ நிறைய பேர். என் கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன். தாராளமா செய்யுங்க. ஆனா ரெண்டு நிபந்தனை. மீனை விடுறதுக்கு முன்னாடி, தண்ணி பக்குவப்பட ஒன்றரை மாசம் காத்திருக்கணும். விடுற மீன், பண்ணையில் பொரிச்சு வளர்த்த மீனா இருக்கணும். இந்த ரெண்டும் முடியாதுன்னா நன்னீர் மீனே போதும். அதிலும் அழகு குறைச்சல் இல்லை.

வல்லத்திராக்கோட்டையில் உளுந்தும் கடலையும் போடுறவனுக்குக் கடல் தொட்டியைப் பத்தி என்ன தெரியும்னு நினைக்கலாம். கடல் எங்க மாவட்டத்துக்கும் உண்டுங்க. அறந்தாங்கி தாண்டினா கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம்னு வரிசையா கடலோர ஊருங்கதான். அது ஒருபக்கம் இருக்கட்டும். இந்தத் தொட்டிக்குள்ள நடக்கிற முக்கால்வாசி வேலை எங்க மண்ணுக்குள்ள நடக்கிற வேலைதான். அதனாலதான் பேசுறேன்.

கண்ணாடி வேலை சுலபமான பகுதி, சீக்கிரம் சொல்லிடலாம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்னா சுமார் 190 லிட்டர் பிடிக்கும். 8 மில்லி கண்ணாடி தாங்கும், 10 மில்லி போட்டா நிம்மதி. பூஞ்சை மருந்து கலக்காத, காடி வாசனை அடிக்கிற சிலிக்கான்தான் வேணும். பாத்ரூமுக்குன்னு விக்கிறதில் பூஞ்சை மருந்து இருக்கும், அது மீனுக்கு விஷம். ஒட்டி ஒரு வாரம் காயவிட்டு, வீட்டுக்கு வெளியே வச்சு முழுசா தண்ணி நிரப்பி ரெண்டு நாள் பாருங்க. தண்ணி, கண்ணாடி, மணல் எல்லாம் சேர்ந்து கால் டன் பக்கம் வரும். அடியில் தெர்மாகோல் விரிச்சு, ஆடாத இரும்பு ஸ்டாண்டில் வையுங்க.

அடுத்தது தண்ணி. சமையல் உப்பைக் கரைச்சா கடல் தண்ணி ஆகாது. கடல் உப்பில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம்னு இன்னும் பலதும் இருக்கு. மீன் தொட்டிக்குன்னே விக்கிற உப்புக் கலவையை ஆர்.ஓ. தண்ணியில் கரைக்கணும், 100 லிட்டருக்கு சுமார் 3.5 கிலோ. ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டினா சரி. போர் தண்ணி வேண்டாம். எங்க பக்கம் கிடைக்கிற செம்புரான்கல்லும் வேண்டாம். ஓட்டை ஓட்டையா பார்க்க அழகாத்தான் இருக்கும், ஆனா அது இரும்பு நிறைஞ்ச கல்.

தொட்டியில் ஆவியாகிப் போறது வெறும் தண்ணிதான், உப்பு அங்கேயே நிக்கும். குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். உப்புத் தண்ணியையே திரும்பத் திரும்ப ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். உப்புப் போர் தண்ணியைக் கோடை முழுக்கப் பாய்ச்சின நிலத்தைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணி வெயில்ல போயிடும், வெள்ளைப் படலம் மட்டும் மண்ணு மேல பூத்து நிக்கும்.

இப்போ அந்த ஒன்றரை மாசக் கணக்குக்கு வர்றேன். நாங்க யூரியா போட்டா பயிர் அதை அப்படியே எடுத்துக்கிறதில்லை. மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதை அம்மோனியா ஆக்கி, அதை நைட்ரைட் ஆக்கி, கடைசியா நைட்ரேட் ஆக்கித் தருது. தொட்டியிலும் இதே கதைதான். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வருது. அது மீனுக்கு விஷம், நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் ஓரளவு வரை தாங்கும். இந்த வேலையைச் செய்யுற நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் இல்லை. அவை மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருகத்தான் நாலு முதல் ஆறு வாரம் ஆகுது. அதுவரை தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, பம்பை ஓட விட்டு, சோதனை கிட்டை வச்சு பார்த்துக்கிட்டே இருக்கணும். முதலில் அம்மோனியா ஏறும், அப்புறம் நைட்ரைட் ஏறும். ரெண்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கின பிறகுதான் மீன்.

தொட்டி கட்டின அன்னைக்கே மீன் விட்டு, ஒரு வாரத்தில் அது செத்து மிதந்தா, "மீன் ராசியில்லை"ன்னு சொல்றாங்க. ராசி இல்லீங்க, உழாத நிலத்தில் நாத்து நட்ட கதைதான் அது. நாத்து போனா எங்களுக்கு நஷ்டம் நெல்லோடு முடியும். இங்கே போறது ஒரு உயிர். அதுவும் பெரும்பாலும் கடலிலிருந்து பிடிச்சுக்கிட்டு வந்த உயிர்.

சென்னை கொளத்தூரில் பார்க்கிற நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பாலானவை குளத்திலும் தொட்டியிலும் பெருக்கினவை. கடல் மீன் அப்படி இல்லை. உலகம் முழுக்க விக்கிற கடல் வண்ண மீன் வகைகளில் பெரும்பாலானவை இன்னைக்கும் பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவைதான். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிச்ச கொடுமையும் நடந்திருக்கு. மீன் மயங்குது, பாறை சாகுது.

ஆசை எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுக்குப் பழைய சாட்சி உண்டு. 1854-இல் இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி கோஸ் என்பவர் கடல் தொட்டியைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். படிச்சவங்க வாளியும் உளியுமா கடற்கரைக்குப் படையெடுத்தாங்க. பாறைக் குட்டைகளில் இருந்த அழகெல்லாம் அப்படிச் சூறையாடப்பட்டுப் போனதை அவர் மகன் எட்மண்ட் கோஸ் 1907-இல் வருத்தத்தோட எழுதி வச்சார். கோஸ் கெட்டவர் இல்லை, கடலை நேசிச்சவர். அவரைப் படிச்சவங்களும் நேசிச்சுத்தான் போனாங்க. நேசம் மட்டும் போதாதுங்கிறதுக்குத்தான் இதைச் சொல்றேன்.

நம்ம மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டினதும் ஒரு காரணமாகி, அதில் ரெண்டு தீவு கடலுக்குள்ளேயே போயிடுச்சு. 1986-இல் அது தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் பவளங்கள், கடல் குதிரைகள், கடல் அட்டைகள் எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. கடல் குதிரை எங்க பாக் நீரிணையின் கடற்புல்லில் வாழுற பிராணி. யாராவது "உயிர்ப் பாறை", "கடல் குதிரை"ன்னு காதோரமா விலை சொன்னா, அது அழகுப் பொருள் இல்லை, வழக்கு. பாறைக்குப் பதிலா பீங்கான் துண்டுகள் போதும், நுண்ணுயிர் அதிலும் குடியேறும். அதோட, நம்ம ஊர் வெயிலில் பவளம் வளர்க்கிறது பெரிய செலவு. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவிலேயே பவளங்கள் வெளுத்துப் போச்சு. மூடின அறைக்குள்ள என்ன ஆகும்?

அப்போ எந்த மீனை விடுறது? கோமாளி மீன். 2003-இல் வந்த நீமோ படத்தில் பார்த்தீங்களே, அதேதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இதைப் பொரிக்க வச்சு வளர்த்துக் காட்டியிருக்காங்க. ஆண் மீன் முட்டைக்குக் காவல் நிக்கும், துடுப்பால் விசிறிவிடும். ஜோடியில் பெரிசுதான் பெண். அது செத்தா ஆணே பெண்ணா மாறிடும். இவ்வளவையும் வீட்டுக்குள்ள பார்க்கலாம். கடல் தாமரை இல்லாமலும் இது தொட்டியில் நல்லா வாழும்.

"வண்ண மீன் பிடிக்கிற மீனவர் பிழைப்பு என்ன ஆகும்?"னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பாறையில் ஒரு மீனைப் பிடிச்சு வித்தா ஒரு தடவைதான் காசு. ஜோடி வச்சுப் பெருக்கினா வருஷம் முழுக்க வருமானம். அந்தப் பண்ணைகள் கடலோரத்தில், மீனவக் குடும்பங்கள் கையிலேயே வரணும். பயிற்சியும் கடனும் அவங்களுக்குத்தான் முதலில் போகணும். விதை நெல்லைத் தின்னுட்டு அடுத்த போகத்துக்கு வானத்தைப் பார்க்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லுற பேச்சு கடலுக்கும் பொருந்தும்.

இதில் அரசாங்கத்தை விட உங்க கைக்குத்தான் பலம் அதிகம். எங்ககிட்ட அரிசி வாங்கும்போது "நாட்டு ரகமா? மருந்து அடிச்சதா?"ன்னு கேக்கிறீங்க. நீங்க கேக்க ஆரம்பிச்ச பிறகுதான் பாரம்பரிய நெல் மறுபடி வயலுக்கு வந்தது. அதே கேள்வியை மீன் கடையிலும் கேளுங்க: "பண்ணையில் பொரிச்சதா, கடலில் பிடிச்சதா?" கடைக்காரர் மழுப்பினா, கண்ணு முன்னாடி குருணைத் தீனி போடச் சொல்லுங்க. பண்ணையில் வளர்ந்த மீன் பழக்கத்தில் ஓடிவந்து தின்னும். ஓரமா ஒதுங்கி நிக்கிற மீனை வாங்காம வாங்க.