மூன்றாவது பட்டனும் ஒரு பூங்கா சண்டையும்

நேற்று காலை நாகேஸ்வர ராவ் பூங்காவில் எங்கள் பெஞ்சில் சண்டை. அரசியல் இல்லை, கிரிக்கெட் இல்லை, சீசன் கச்சேரி டிக்கெட்டும் இல்லை. ராகிங்! எழுபதைத் தாண்டிய ஐந்து பேர் போட்ட சத்தத்தில், பக்கத்தில் யோகா செய்துகொண்டிருந்த அம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு மரத்தடிக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு தம்ளர் காபி குடித்தும் எனக்கு ஆறவில்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஃபிளாட்டில் கீழ் வீட்டுக்காரரின் பேரன் இந்த வருடம் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருக்கிறான். இரண்டாம் முறை நீட் எழுதிக் கிடைத்த இடம். கல்லூரி சென்னையில் இல்லை, ஊரும் பெயரும் வேண்டாம். அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர். வெள்ளைக் கோட்டு அணிவிக்கும் விழாவில் எடுத்த போட்டோவை அவன் தாத்தா கபாலி கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவரை காட்டிவிட்டார்.

முதல் வாரம் முழுக்கப் பையன் தினமும் மாலை போன் செய்தான். எங்கள் காலத்தில் கல்லூரி திறந்த அன்றே போர்டில் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இப்போது மருத்துவத்தில் அப்படி இல்லை. 2019 முதல் 'ஃபவுண்டேஷன் கோர்ஸ்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முதலுதவி, பொம்மையின் மார்பை அழுத்தி உயிர்மூச்சுப் பயிற்சி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள், நோயாளியிடம் எப்படிப் பேசுவது, மருத்துவ அறம், விளையாட்டு, கம்ப்யூட்டர். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். அதில் ராகிங் தடுப்பு பற்றி ஒரு மணி நேரப் பேச்சும் இருந்ததாம். ஏ.சி. ஹாலில், பிரசன்டேஷனோடு.

வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்தான். மீசை இல்லை.

"எங்கடா மீசை?" என்றேன்.

"சும்மாதான் தாத்தா, எடுத்துட்டேன்."

பேசிக்கொண்டே இருந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். விடுதியில் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சீனியர் எதிரில் வந்தால் ஜூனியர் நிமிரக் கூடாது, தன் சட்டையின் மூன்றாவது பட்டனைத்தான் பார்க்க வேண்டும். 'தேர்ட் பட்டன்' என்பார்கள். ஒரே வாரத்தில் அது பழக்கமாகி, பிறந்த நாளிலிருந்து பார்த்துவரும் என்னிடமும் அப்படியே நிற்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடிக்குக் கூப்பிடுவார்களாம், போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை.

இதை பெஞ்சில் சொன்னேன். எங்கள் ஐவரில் ஒருவர் ரிடையரான டாக்டர். சிரித்தார். "இதெல்லாம் ஒண்ணுமே இல்ல சார். எங்க காலத்துல இதைவிட மோசம். என்னை முட்டி போட வெச்ச சீனியர்தான் இன்னிக்கும் எனக்கு உயிர் நண்பன். கொஞ்சம் இருந்தாத்தான் பசங்க உரம் ஏறுவாங்க." மற்றவர்களும் தலையாட்டினார்கள். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது.

அந்தப் பெஞ்சிலிருந்து மந்தைவெளி பஸ் டிப்போ அரை மணி நேர நடை. 1996 நவம்பரில் 21ஜி பஸ்ஸில் கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிக்குள் என்ன இருந்தது என்று மயிலாப்பூர்க்காரர்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டுமா? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்த நாவரசு. அப்போதைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன். குற்றவாளி, அதே கல்லூரியின் மூத்த மாணவர். 1998-ல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, 2001-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தண்டனையை உறுதிசெய்தது. துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே நீதி கிடைக்க ஏறக்குறைய பதினைந்து வருடம்.

"அது கொலை சார், அதைப்போய் இதோட சேர்க்கறீங்களே" என்றார் டாக்டர். சரி, சேர்க்கவில்லை. 2024 நவம்பருக்கு வாருங்கள். குஜராத்தில் பாட்டன் பக்கத்தில் தார்பூர் மருத்துவக் கல்லூரி விடுதி. யாரும் கத்தி எடுக்கவில்லை. 'அறிமுகம்' என்ற பெயரில் புதிய மாணவர்களை மணிக்கணக்கில் நிற்க வைத்தார்கள் என்பது வழக்கு. 18 வயதுப் பையன் மயங்கி விழுந்து செத்துப்போனான். 15 சீனியர்கள் கைதானார்கள். நிற்க வைப்பது என்பது நம் பெஞ்சின் அகராதியில் ராகிங்கே கிடையாது, இல்லையா?

நட்பு வளர்கிறது என்கிறார்கள். வளரட்டுமே. பழைய புத்தகத்தைக் கொடுக்கவும், எந்த மெஸ்ஸில் சாம்பார் தேவலை என்று சொல்லவும், அனாடமி ஹாலில் முதல் நாள் தலை சுற்றினால் தண்ணீர் கொடுக்கவும் ராத்திரி பன்னிரண்டு மணி எதற்கு? போனை எதற்குப் பிடுங்க வேண்டும்?

உரம் ஏறுகிறது என்ற பேச்சுதான் எனக்கு அதிகப் பயம் தருகிறது, ஏனென்றால் நான் வருங்கால நோயாளி. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. ஆள் சரியா, அறுக்க வேண்டிய பக்கம் சரியா, வைத்த பஞ்சு எல்லாம் திரும்ப வந்ததா என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதன் உயிரே, நர்ஸோ கடைநிலை டாக்டரோ பெரிய சர்ஜனைப் பார்த்து "சார், ஒரு பஞ்சு குறையுது" என்று சொல்வதில்தான் இருக்கிறது. பதினெட்டு வயதில் சீனியர் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று பழக்கப்பட்டவன் அதைச் சொல்வானா? பகலில் மருத்துவ அறம் வகுப்பு, ராத்திரி அதற்கு நேர் எதிரான வகுப்பு. எது மனதில் நிற்கும் என்று வாத்தியாரான எவரையும் கேளுங்கள்.

சட்டம் இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. நாவரசு சம்பவத்துக்குப் பின் தமிழ்நாடு 1997-ல் தனிச் சட்டமே போட்டது. இரண்டு வருடம்வரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். யு.ஜி.சி.யின் 2009 விதிகளின்படி, புதியவர்களை முடிந்தவரை தனிக் கட்டடத்தில் வைக்க வேண்டும், முடியாவிட்டால் சீனியர்கள் அங்கே போவதை வார்டனும் காவலரும் கண்காணிக்க வேண்டும். மாணவனும் பெற்றோரும் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரமும் அந்த விதிகளில் வந்ததுதான். அதை எத்தனை பேர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டோம்? கீழ் வீட்டுக்காரர் கட்டணச் சலானோடு சேர்த்துப் போட்டதாகச் சொன்னார். ஒரே ஒரு வார்டன் ராத்திரி பதினோரு மணிக்கு அந்த மாடிப்படி ஏறினால் போதும். அதைச் செய்ய ஆள் இல்லை, பிரசன்டேஷன் போட ஆள் இருக்கிறது.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? பெஞ்சில் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். 1973-ல் நான் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். எங்கள் விடுதிக்குக் கிராமத்திலிருந்து ஒரு பையன் வந்தான். தகரப் பெட்டி, வீட்டில் தைத்த சட்டை, திக்குவாய். நாங்கள் நாலு பேர் தினமும் ராத்திரி அவனை ஸ்டூல் மேல் ஏற்றி ரேடியோ செய்தி வாசிக்கச் சொல்வோம். அவன் திக்கத் திக்க நாங்கள் சிரிப்போம். அடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. இரண்டாம் வாரம் ஒரு காலையில் கட்டில் காலி. "வீட்டு ஞாபகம் போல" என்று சொல்லிக்கொண்டோம். அவன் வேறெங்காவது படித்தானா, இல்லையா, எனக்குத் தெரியாது. அவன் பெயரும் ஞாபகம் இல்லை. செய்தி வாசிக்கச் சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பல வருடம் அதை ஒரு வேடிக்கைக் கதையாக ஆபீஸ் கேன்டீனில் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறார்கள்.

டாக்டருக்கு உயிர் நண்பன் கிடைத்தான், நல்லது. கட்டிலைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் யாரும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து இல்லை. இருந்தால் அவர்களையும் கேட்டிருக்கலாம்.

இன்று காலை கீழ் வீட்டுக்குப் போனேன். புகார் என்றதும் தாத்தா கையைப் பிசைந்தார். "பேரு வெளில வந்தா அஞ்சரை வருஷம் அங்கதானே சார் இருக்கணும்?" நியாயமான பயம். தகவல் தருபவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்று விதி இருக்கிறது என்றேன். விதி கிடக்கட்டும், கடிதத்தில் பையன் பெயரே வேண்டாம், நான் எழுதுகிறேன், என் பெயர், என் முகவரி என்றேன். பையன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, எந்த மாடி, எத்தனை மணி என்பதை மட்டும் சொன்னான். இந்தப் பதிவையும் அவனிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.

கடிதம் டீனுக்கு, நகல் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு. நாளை காலை வாக்கிங் முடிந்ததும் கச்சேரி ரோடு தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட் செய்கிறேன். உங்கள் வீட்டிலும் இந்த வருடம் யாராவது விடுதிக்குப் போயிருந்தால், ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை.