புட்டியின் விலையும் பெயரின் விலையும்

பாரிஸ் நகரில், மதலேன் ஆலயத்துக்கு அருகே ஒரு சந்தில், ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேயர் ஒரு சிறிய ஒயின் கடை நடத்தி வந்தார். 1976-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி அவர் ஒரு காரியம் செய்தார். பிரெஞ்சு தேசத்தின் பேர்பெற்ற ருசி நிபுணர்கள் ஒன்பது பேரை ஒரு ஹோட்டலுக்கு வரவழைத்து, எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாதபடி மறைத்து, ஒவ்வொன்றாக ஊற்றிக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார். சிவப்பு ஒயின்களில் போர்தோவின் தலைசிறந்த பெயர்கள் நான்கு இருந்தன; கலிபோர்னியாவின் பெயரறியாச் சரக்குகள் ஆறு இருந்தன. மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபோது முதலிடம் பெற்றது மூதோனும் அல்ல, ஓ-பிரியோனும் அல்ல. ஸ்டாக்ஸ் லீப் என்னும் கலிபோர்னியத் தோட்டத்தின் 1973-ம் வருஷத்து ஒயின்! தீர்ப்புச் சொன்னவர்கள் அனைவரும் பிரெஞ்சுக்காரர்களே என்பதை நேயர்கள் மறக்கலாகாது. சீட்டு மறைந்திருந்தவரையில் அவர்களுடைய நாக்கு சுதந்திரமாக வேலை செய்தது. அவ்வளவுதான் விஷயம்.

அரசியல் பேசவேண்டிய பத்தியில் ஒயினைப் பற்றி எழுதுவதேன் என்று சிலர் கேட்கக்கூடும். மது அருந்துவது நன்றா தீதா என்ற வழக்கை நாம் இன்று விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. நமது ஊரில் ‘ஒயின் ஷாப்’ என்று ஜனங்கள் அழைக்கும் கடையில் ஒயினைத் தவிர மற்றெல்லாம் தாராளமாகக் கிடைக்கும் என்ற வேடிக்கையையும் ஒரு புறம் வைப்போம். திராக்ஷை விளையும் தேசத்திலே, தெருமுனைக் கடையிலே, நியாயமான விலைக்கு நல்ல சிவப்பு ஒயின் வாங்கப் புகும் ஒரு சாதாரண மனிதன் எதற்காகப் பணம் கொடுக்கிறான் என்பதே நமது கேள்வி. ரஸத்திற்கா, பெயருக்கா, வரிக்கா? அவன் கொடுப்பதில் உழுதவன் கைக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு? இது அரசியல் அல்லவென்றால் வேறு எது அரசியல்?

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். 1855-ம் வருஷம் மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் ஒரு பொருட்காட்சி நடத்தினான். அதற்காகப் போர்தோ நகரத் தரகர்கள் அப்பிரதேசத்துச் சிவப்பு ஒயின் தோட்டங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்து ஒரு ஜாபிதா தயாரித்தார்கள். அவர்கள் புதிதாகக் குடித்துப் பார்த்து அதைத் தயாரிக்கவில்லை. பல வருஷங்களாக எந்தத் தோட்டத்துச் சரக்கு என்ன விலைக்குப் போயிற்று என்று கணக்கைப் புரட்டித் தயாரித்தார்கள். அன்று விலை வகுப்பை நிர்ணயித்தது. அன்று முதல் இன்று வரை வகுப்பு விலையை நிர்ணயித்து வருகிறது! விலைக்கு வகுப்பு சாட்சி, வகுப்புக்கு விலை சாட்சி. இப்படி ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிக்கொள்ளும் இரண்டு பேரை எந்த முன்சீப் கோர்ட்டிலும் நம்பமாட்டார்கள். தோட்டம் கைமாறலாம், அக்கம்பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம், பட்டம் மட்டும் அப்படியே நிற்கும். ஏறக்குறைய 170 வருஷங்களில் நடந்த குறிப்பிடத்தக்க மாறுதல் ஒன்றே ஒன்று: 1973-ல் மூதோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது. அந்த உத்தரவில் கையொப்பமிட்ட விவசாய மந்திரி, பிற்காலத்தில் ஜனாதிபதியான ஜாக் ஷிராக். ஒயின் புட்டிக்குப் பதவி உயர்வு கொடுக்க ஒரு மந்திரி வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

முதல் வகுப்பு ஒயின்கள் மட்டமானவை என்று நாம் சொல்லவரவில்லை. அவை நேர்த்தியானவையே. ஆனால் பத்து யூரோ புட்டியைவிட ஐந்நூறு யூரோ புட்டி ஐம்பது மடங்கு ருசிக்கும் என்று எவரும் சத்தியம் செய்யமாட்டார்.

இனி வரி. பிரான்ஸில் ஒயின்மீது ஸர்க்கார் விதிக்கும் கலால் வரி ஒரு புட்டிக்குச் சுமார் மூன்று சென்ட்தான். கால்வாயைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போனால் கதை வேறு. அங்கே 2025 பிப்ரவரி முதல் தேதி அமலுக்கு வந்த விகிதப்படி, நூற்றுக்குப் பன்னிரண்டரை பங்கு சாராயச் சத்துள்ள ஒரு புட்டிக்கு 2 பவுன் 77 பென்ஸ் வரி விதிக்கப்பட்டது. அதன் தலைமேல் நூற்றுக்கு 20 வீதம் விற்பனை வரி. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த விகிதப்படி, லண்டனில் ஆறு பவுனுக்கு ஒரு புட்டி வாங்கியவன் இரண்டு வரிகளுமாக 3 பவுன் 77 பென்ஸை ஸர்க்காருக்குச் செலுத்தினான். மீதமுள்ள 2 பவுன் 23 பென்ஸில் கண்ணாடி, தக்கை, கப்பல் கூலி, கடைக்காரன் லாபம் எல்லாம் போக, உள்ளே இருக்கும் ரஸத்தின் மதிப்பு சில பென்ஸ்களே. அவனே பன்னிரண்டு பவுன் கொடுத்தால் வரிகள் போக 7 பவுன் 23 பென்ஸ் மிஞ்சும். விலை இரு மடங்கு. சரக்குக்குப் போகும் பணம் மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே அத்தேசத்தில் மிக மலிந்த புட்டியை எடுப்பவன் ஸர்க்காரின் பொக்கிஷத்தை நிரப்புகிறானேயொழிய மலிவாக வாங்கியவனாகான். ஏழைக்கு மலிவு என்று எதைக் காட்டுகிறார்களோ அதிலேயே வரியின் பாரம் அதிகம். இது நமக்குப் புதிய பாடமல்ல.

மலிவு என்ற சொல்லுக்கு மற்றொரு முகம் உண்டு. அதை அறிய வேண்டுமானால் பிரான்ஸின் தென்பகுதியாகிய லாங்தொக்கின் 1907-ம் வருஷத்துச் சரித்திரத்தைப் படிக்கவேண்டும். விளைச்சல் பெருகிக் கிடந்தது. அதன்மேல் சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலி ஒயின் சந்தையில் மலிந்தது. நேர்மையான குடியானவனின் பீப்பாய்க்கு விலையே இல்லை. அர்ஜெலியே என்னும் சிறு கிராமத்திலே காப்பிக் கடையும் கொஞ்சம் திராக்ஷைத் தோட்டமும் வைத்திருந்த மார்சலன் அல்பேர் என்பவர் ஜனங்களைத் திரட்டினார். ஞாயிறுதோறும் ஊர் ஊராகக் கூட்டம். ஜூன் 9-ந் தேதி மோன்பெலியே நகரில் ஐந்து லக்ஷத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடினார்கள். ஊர்த் தலைவர்கள் நூற்றுக்கணக்கில் ராஜினாமாச் செய்தார்கள். பிரதம மந்திரி கிளெமான்ஸோ பட்டாளத்தை அனுப்பினார், நர்போன் வீதிகளில் துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் பலியாயின. அப்பிரதேசத்துக் குடியானவர் பிள்ளைகளே நிறைந்த 17-வது காலாட்படை, தன் ஜனங்களின்மீது ஆயுதம் ஏந்தோம் என்று கலகம் செய்து பெசியே நகருக்கு நடந்து வந்தது. அம்மாதம் 29-ந் தேதி கலப்படத்தை ஒடுக்கும் சட்டம் பிறந்தது.

அல்பேரின் கதி பரிதாபமானது. நேரில் பேசித் தீர்த்துவிடலாம் என்று நம்பிப் பாரிஸுக்குப் போன அவருக்கு, ஊர் திரும்ப ரயில் செலவுக்கென்று கிளெமான்ஸோ நூறு பிராங்க் நோட்டு ஒன்றைக் கொடுத்தார். வெகுளி மனிதர் வாங்கிக்கொண்டார். பத்திரிகைகளுக்குச் செய்தி பறந்தது. விலைபோய்விட்டான் என்று சொந்த ஜனங்களே தூற்றினார்கள். பொதுக்காரியத்தில் இறங்குவோர் அந்த நூறு பிராங்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நலம்.

கலகத்துக்கு முன்பே, 1901-ல், அதே பிரதேசத்தில் மரோசான் கிராமத்துச் சிறு குடியானவர்கள் வேறொரு வழி கண்டிருந்தார்கள். ஒன்றாகச் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தரகனைத் தாண்டி, பாரிஸ் தொழிலாளரின் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு நேரே ஒயின் அனுப்பினார்கள். 1905-ல் ழான் ழொரேஸ் அங்கே சென்று பார்த்து மகிழ்ந்தார். குடிப்பவனுக்கும் நஷ்டமில்லை, விளைவிப்பவனுக்கும் நஷ்டமில்லை. நயமான விலை என்றால் நாம் அதைத்தான் சொல்லுவோம்.

இன்றைய நிலைமை என்ன? 2023-ல் பிரெஞ்சு ஸர்க்கார் விலைபோகாத ஒயினை வாலையில் காய்ச்சித் தொழிற்சாலைச் சாராயமாக மாற்றுவதற்கு 20 கோடி யூரோ ஒதுக்கிற்று. பட்டங்கள் மின்னும் அதே போர்தோவில், கொடிகளைப் பிடுங்கி எறிய முன்வரும் குடியானவனுக்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவித்தொகை அவ்வருஷம் அறிவிக்கப்பட்டது. ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் புட்டி ஒன்று பல நூறு யூரோ; இந்தப் பக்கம் லிட்டர் ஒரு யூரோவுக்கும் வாங்குவாரில்லை. மண்ணின் வித்தியாசம் இவ்வளவு இருக்கமுடியுமா?

ஆகையால், கடைக்குள் நுழைபவன் பேர்பெற்ற ஊரின் பக்கத்து ஊரைக் கேட்கவேண்டும். ஷாதோநெஃப்-து-பாப்புக்குப் பதிலாகச் சுற்றியுள்ள ரோன் கிராமங்களின் சரக்கு. லாங்தொக்கில் கொர்பியேர், மினெர்வுவா, ஃபோஜேர். இவை பத்து யூரோவை ஒட்டிய விலையிலேயே மனிதனின் உழைப்பை ருசியில் காட்டுபவை. போஜொலே பிரதேசத்தின் மொர்கோன், ஃப்ளூரி கிராமங்களும் அப்படியே. அங்கே விளையும் கமே என்னும் திராக்ஷையை 1395-ல் பர்கண்டியின் பிரபு பிலிப் ‘விசுவாசமற்ற செடி’ என்று குற்றஞ்சாட்டித் தன் நாட்டிலிருந்து பிடுங்கி எறிய உத்தரவிட்டான். அறுநூறு வருஷங்களுக்குப் பின்னும் அந்தத் தீர்ப்பின் நிழலால் அதன் விலை அயலூர்ச் சரக்கைவிடத் தாழ்ந்தே நிற்கிறது; வாங்குகிறவனுக்கு லாபம். அதைச் சற்றுக் குளிரவைத்து அருந்தவேண்டும் என்பார்கள்.

சீட்டில் தோட்டக்காரனே புட்டியில் அடைத்தானா, வியாபாரி எங்கெங்கோ வாங்கிக் கலந்து அடைத்தானா என்று பார்க்கவேண்டும். பிரான்ஸில் 1935 முதல் நடைமுறையிலுள்ள பிறப்பிடச் சட்டம் ஒயின் பிறந்த ஊருக்குச் சாட்சி சொல்லும். ருசிக்குச் சாட்சி சொல்லாது. கனத்த கண்ணாடியும் பொன்னெழுத்தும் ஒன்றுக்கும் அத்தாட்சியல்ல. பெரிய அங்காடிகளில் பாதி விலை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தால், முழு விலைக்கு அதை எவராவது வாங்கியதுண்டா என்று கேட்பது புத்திசாலித்தனம். சிறு கடைக்காரனிடம் கையிலுள்ள தொகையைக் கூச்சமின்றிச் சொல்லி, இந்த விலையில் நீர் உம் வீட்டுக்கு எதை எடுத்துப் போவீர் என்று கேட்டால், பெரும்பாலும் அவன் கீழ்த்தட்டிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பான்.

இதிலும் நம்பிக்கை வராதவர்களுக்கு ஸ்பரியரின் உபாயம் இருக்கவே இருக்கிறது. அவருக்கு ஒன்பது நிபுணர்களும் ஒரு ஹோட்டலும் தேவைப்பட்டன. வீட்டில் செய்ய மூன்று நண்பர்களும் பழைய செய்தித்தாளும் போதும். பெயருள்ள புட்டி ஒன்று, பெயரில்லாத புட்டி இரண்டு. மூன்றையும் காகிதத்தில் சுற்றி வைத்து ஊற்றவேண்டும். சுற்றுவதற்கு நமது பத்திரிகையை உபயோகித்தாலும் நமக்கு ஆக்ஷேபணையில்லை.