மண் சரிவை 'விபத்து'ன்னு சொல்லாதீங்க

1/ "பாதாள சாக்கடைப் பணியின்போது மண் சரிந்து தொழிலாளி பலி." இந்தச் செய்தியை எத்தனை முறை படிச்சிருப்பீங்க? ஒவ்வொரு தடவையும் 'எதிர்பாராத விபத்து'ன்னு முடிச்சிடுறாங்க. ஒரு மருத்துவரா சொல்றேன், இதுல எதிர்பாராதது எதுவுமே இல்லை.

2/ ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் இருக்கும். ஒரு சின்ன காரை விட அதிகம். அது நெஞ்சைச் சுத்தி அழுத்தும்போது, மூச்சை விட்டதும் நெஞ்சு சுருங்கும். அந்த இடைவெளியில மண் இறங்கி இறுகிடும். அடுத்த மூச்சுக்கு நெஞ்சு விரியாது.

3/ "தலை வெளியேதானே இருந்துச்சு, எப்படி டாக்டர் போச்சு உயிர்?"னு கேஷுவாலிட்டி வாசல்ல கேட்டிருக்காங்க. இதான் பதில். மார்பளவு புதைஞ்சாலே போதும். ஆக்சிஜன் இல்லாம நாலைஞ்சு நிமிஷத்துல மூளை பாதிக்கப்பட ஆரம்பிச்சிடும். அதுக்குள்ள மண்ணை அள்ளி ஆளை எடுக்க முடியுமா?

4/ உயிரோட எடுத்தாலும் ஆபத்து தீரலை. நெடுநேரம் நசுங்கின தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்துல கலந்து இதயத்தையே நிறுத்தலாம். சிறுநீரகம் செயலிழக்கலாம்.

5/ தடுக்க வழி இருக்கு. ஐஎஸ் 3764ங்கிற இந்தியத் தரநிலையே சொல்லுது: மண்ணுல 1.5 மீட்டருக்கு மேல ஆழமாப் போனா பலகை அடைச்சு முட்டுக் கொடுக்கணும். தோண்டின மண்ணை விளிம்புல குவிக்கக் கூடாது. ஏறி வர ஏணி வேணும். மழை பெஞ்சா மறுபடி சோதிக்காம இறங்கக் கூடாது.

6/ "ரெண்டு மணி நேர வேலைக்கு எதுக்கு சார் ஷோரிங்?" இதைக் கேட்கிறவர் யாரும் அந்தக் குழிக்குள்ள இறங்குறதில்லை. இறங்குறது தினக்கூலி. பலகை இல்லாததைப் பார்த்துட்டே பில் பாஸ் பண்ணினவருக்கும் இந்தச் சாவுல பங்கு இருக்கு. வீட்டுக்கு சம்ப் தோண்டும்போது ஐயாயிரம் குறைக்கச் சொன்ன நமக்கும்தான்.

7/ உங்க தெருவுல தோண்டுறாங்களா? உள்ளே நிக்கிறவரோட கழுத்தளவு ஆழமாகியும் பலகை இல்லையா? போட்டோ எடுத்து உள்ளாட்சி அலுவலகத்துல புகார் கொடுங்க. வேலையை நிறுத்தச் சொல்லுங்க.

8/ சரிஞ்சுட்டா உள்ளே குதிக்காதீங்க, மறுபடி சரியும். ஆள் இருக்கிற இடத்துல ஜேசிபியை விடாதீங்க. 101, 108 ரெண்டுக்கும் உடனே கூப்பிடுங்க.

9/ மூளை செத்த பிறகு எங்க ஐசியூல அதுக்கு மருந்து கிடையாது. பலகையும் முட்டும்தான் மருந்து. அதை ஆள் இறங்குறதுக்கு முன்னாடியே கொடுக்கணும்.