நெற்றி விளக்கு டாக்டர்



சர்க்கரை நோயோடு சில வருடம் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் விட்டு, பாப்பா விரிந்து எழுத்தெல்லாம் கலங்கிய பிறகு உள்ளே கூப்பிடுவார்கள். இருட்டறை. படுக்கச் சொல்வார்கள். டாக்டர் நெற்றியில் விளக்கு வைத்த பட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் கண்ணாடி வில்லையைப் பிடித்தபடி குனிவார். “மேலே பாருங்க... இடது பக்கம்... இப்ப உங்க காலைப் பாருங்க.” கூச்சத்தில் தண்ணீர் கொட்டும். நம் ஊரில் ‘கண் நரம்பு பார்க்கிற டாக்டர்’ என்று சொல்கிறோமே, அந்த ரெட்டினா நிபுணர்தான் அவர்.

கண் வைத்தியம் பற்றி எழுதும்போதெல்லாம் கண்புரை, கண்ணாடி, கண்தானம் என்று நின்றுவிடுகிறோம். இந்த மாதம் அந்த நெற்றி விளக்கை உருவாக்கியவரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது. சார்லஸ் ஸ்கெப்பன்ஸ். பெல்ஜியத்தில் மூஸ்க்ரோன் என்ற ஊரில் 1912இல் பிறந்தவர். கெண்ட் நகரில் மருத்துவம் முடித்து, லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் கண் வைத்தியம் பழகி ஊர் திரும்பினார். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

ஜெர்மானியப் படை பெல்ஜியத்தைப் பிடித்த பிறகு, ரகசிய எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். ஜெர்மானிய ரகசியப் போலீஸான கெஸ்டபோ மோப்பம் பிடித்ததும் பாரிஸுக்குத் தப்பினார். பிறகு பிரான்ஸின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மாண்டீவ் என்ற பாஸ்க் கிராமத்தில் கைவிடப்பட்ட மர அறுவை ஆலை ஒன்றை வாங்கி, ஜாக் பெரோ என்ற பெயரில் முதலாளியாக உட்கார்ந்தார். பகலில் மரம் அறுபடும். மலைக்காட்டிலிருந்து மரம் இறக்கப் போட்டிருந்த கம்பிவடத் தடம் எல்லை வரை ஏறியது. கூலியாட்கள் என்ற பெயரில் மேலே போனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. அந்த ஊர் இடையர்களின் துணையோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அப்படி ஸ்பெயினுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். 1943இல் குட்டு வெளிப்பட்டதும் அவரும் அதே மலையைத் தாண்டி லண்டன் போனார். இதையெல்லாம் அவர் பல வருடங்கள் வெளியில் பேசியதில்லை. பிற்பாடு அமெரிக்காவின் பாஸ்டனில் அவரிடம் படித்தவர்களுக்கே தெரியாது. பிரான்ஸின் ‘லெஜியன் ஆஃப் ஹானர்’ விருது அவரைத் தேடி வந்தது 2006 மார்ச்சில். அதே மாதம் 94 வயதில் காலமானார்.

சினிமாவுக்கேற்ற கதை. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, லண்டனுக்குத் திரும்பிய பிறகு அவர் செய்த காரியம்தான்.

ரெட்டினா என்பது கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. அது பிய்ந்து விலகினால் பார்வை போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இதற்கு வைத்தியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வாரக்கணக்கில் அசையாமல் படுக்கச் சொல்வார்கள். ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கொனான் என்ற டாக்டர்தான், ரெட்டினாவில் முதலில் ஓட்டை விழுகிறது, அதன் வழியே நீர் புகுந்துதான் சவ்வு விலகுகிறது, ஓட்டையை அடைத்தால் போதும் என்றார். சக டாக்டர்கள் பலர் வெகுகாலம் நம்பவில்லை. நம்பியவர்களுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. ஓட்டை பெரும்பாலும் ரெட்டினாவின் ஓரத்தில் விழும். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிமுகப்படுத்திய கருவியின் வழியில் வந்தவற்றில் ஒற்றைக் கண்ணால், ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். ஓரம் எட்டாது. எங்கே என்று தெரியாத ஓட்டையை எப்படி அடைப்பது?

ஸ்கெப்பன்ஸ் செய்த கருவியை டாக்டர் தலையில் மாட்டிக்கொள்வார். விளக்கு நெற்றியில். இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் மேடு பள்ளம் தெரியும். ஒரு கை வில்லையைப் பிடிக்கும், இன்னொரு கை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் கைக்கும் அவர் ஒரு வேலை வைத்தார். தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் போன்ற உறை ஒன்று. அதன் முனையில் சிறு குமிழ். அதை விரலில் மாட்டி இமைக்கு மேல் வைத்து மெல்ல அழுத்தினால், ஒளிந்திருந்த ஓரம் உள்பக்கம் எழும்பிப் பார்வைக்கு வரும். நோயாளிக்கு இது சுகமாக இராது, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முதல் மாதிரியை அவர் செய்தது, குண்டு விழுந்த லண்டனில் பொறுக்கிய உலோகத் துண்டுகளை வைத்து.

1947இல் பாஸ்டன் போனார். அங்கே மாசசூசெட்ஸ் கண், காது மருத்துவமனையில் ரெட்டினாவுக்கென்றே தனிப் பிரிவு. 1950இல் ரெட்டினா ஆராய்ச்சி நிறுவனம். 1967இல் ரெட்டினா சொசைட்டி. கண் டாக்டர்களுக்குள்ளேயே ரெட்டினா டாக்டர் என்றொரு ஜாதி உருவானது இப்படித்தான். விழிக்கோளத்தை வெளியிலிருந்து பட்டை போட்டு இறுக்கி, சுவரை ரெட்டினாவை நோக்கித் தள்ளும் பக்கிள் ஆபரேஷனையும் அவர் வளர்த்தார். முதலில் பாலிதீன் குழாய், பிறகு சிலிக்கான் ரப்பர்.

அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் கத்தி எடுப்பதற்கு முன் பென்சில் எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கருவியில் எல்லாம் தலைகீழாக, இடவலம் மாறித் தெரியும். அதனால் படம் வரையும் தாளை நோயாளியின் மார்பில் தலைகீழாக வைத்துக்கொண்டு, கண்டதைக் கண்டபடி வரைவார்கள். ஒட்டியிருக்கும் ரெட்டினா சிவப்பு, விலகியது நீலம், ஓட்டை என்றால் நீல விளிம்புக்குள் சிவப்பு. ஒரு கண்ணை வரைய ஒரு மணி நேரம்கூட ஆகும். ‘பார்த்துவிட்டேன்’ என்று வாயால் சொல்லித் தப்பிக்க வழியில்லை. பார்க்காத இடம் தாளில் வெள்ளையாக நிற்கும். ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்துப் பேராசிரியர்களை எடைபோடுகிறோம். என் கணக்கில் அந்தத் தாள்கள்தான் ஸ்கெப்பன்ஸின் பெரிய படைப்பு.

அந்தப் பாஸ்டன் பிரிவில் 1970 வரை பழகியவர்களில் திருவல்லிக்கேணிக்காரர் ஒருவரும் உண்டு: டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத். ஊர் திரும்பி, 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கியவர், 2023இல் மறைந்தார். ஆபரேஷனோடு நிறுத்தாமல் ஆராய்ச்சியும் பயிற்சியும் ஒரே கூரைக்குள் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததில் பாஸ்டன் பழக்கம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இப்போது லேசர், ஸ்கேன், கண்ணுக்குள் போடும் ஊசி என்று வித்தை வளர்ந்துவிட்டது. ரெட்டினாவின் ஓரத்தைத் துழாவ இன்னமும் அதே நெற்றி விளக்குதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கண்ணைப் பிறந்த முப்பது நாளுக்குள் பார்த்துவிட வேண்டும் என்பார்கள். அதற்கும் இதைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, கறுப்புப் பூச்சிகள் கூட்டமாய்ப் பறப்பது, ஒரு பக்கம் திரை இறங்குவது போலத் தெரிவது: இதில் எது வந்தாலும் ‘நாளைக்குச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டும். வலி இருக்காது. அதனால்தான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருடம் ஒரு முறை அந்தச் சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டே ஆக வேண்டும்.

ரெட்டினா ஆபரேஷன் செய்துகொண்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். குப்புறப் படுத்தே கழித்த நாட்கள், துணைக்கு இருந்தவர்கள், முதலில் தெரிந்த முகம் என்று எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்